சோறு செஞ்ச குத்தமா? குடல் அழற்சி நோயும் சாப்பாடும்: ஒரு வரலாற்று இழை

கொஞ்சம் நீளமான இழை நண்பர்களே. டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

மூணு மாசத்துக்கு முன்னாடி ஓபியில் ஒரு தம்பி வந்தார். வயது 24. அம்மா கைத்தாங்கலாக அழைத்து வந்தார். எடை பார்த்தேன். 38 கிலோ.

அந்த அம்மா பழைய நோட்டை நீட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் எடை 51 கிலோ என்று இருந்தது. நோயின் பெயர் க்ரோன்ஸ். மெடிக்கல் காலேஜில் கொலனோஸ்கோபி, பயாப்சி எல்லாம் பார்த்து உறுதி செய்து, மருந்து எழுதி, "மாத்திரையை உங்க ஊர் ஆஸ்பத்திரியிலயே வாங்கிக்கோங்க" என்று அனுப்பியிருந்தார்கள்.

அதற்குக் கீழே பேனாவில் ஒரு பட்டியல். "தவிர்க்க வேண்டியவை: காரம், புளி, பால், தயிர், பருப்பு, கீரை, பழம், முட்டை, மீன், கறி, எண்ணெய்ப் பண்டம்."

கையெழுத்து என்னுடையது.

"நீங்க எழுதிக் குடுத்த மாதிரியேதான் சார் குடுத்துட்டு வர்றேன். கஞ்சி, இட்லி, ரசம் சாதம். வேற ஒண்ணுமே குடுக்கல" என்றார். அவர் குரலில் புகார் எதுவும் இல்லை. சொன்னதைத் தவறாமல் செய்ததற்கு நான் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார். அதுதான் எனக்கு வலித்தது.

ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு கொஞ்சம் குறைந்ததாம். சாப்பாட்டுலயே சரியாகுதே, மாத்திரை எதுக்கு என்று ஆறு மாதத்தில் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள்.

அன்னைக்கு ராத்திரி யோசிச்சுப் பார்த்தேன். இந்தப் பட்டியலை நான் எங்கிருந்து எடுத்தேன்? எம்பிபிஎஸ் படிக்கும்போது எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு பட்டியலைப் படித்ததாக ஞாபகம் இல்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது சீனியர் எழுதியதைப் பார்த்து நானும் எழுத ஆரம்பித்தேன். அவர் யாரைப் பார்த்து எழுதினாரோ!

சரி, தோண்டித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். மூன்று மாதமாக நைட் டியூட்டியில் கிடைத்த நேரத்தில் படித்ததுதான் இந்த இழை.

அதற்கு முன்னால் ஒரு விளக்கம். நம்ம ஊரில் "அல்சர்" என்றால் நேரத்துக்குச் சாப்பிடாமல் வரும் இரைப்பைப் புண் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இது அது இல்லை. அடிக்கடி வயிறு கலங்கும், டென்ஷனானால் பாத்ரூம் ஓடணும் என்பார்களே, ஐபிஎஸ், அதுவும் இல்லை. நான் சொல்வது ஐபிடி. குடலின் சுவரையே நம் உடலின் எதிர்ப்பு சக்தி விடாமல் தாக்கிப் புண்ணாக்கும் நோய். இதில் இரண்டு முக்கிய வகை. பெருங்குடலின் உள்தோலை மட்டும் பிடிப்பது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும், குடல் சுவரின் முழுத் தடிமனையும் பிடிக்கக்கூடியது க்ரோன்ஸ். ரத்தம் கலந்த போக்கு, காய்ச்சல், எடை குறைவு, சிலருக்குக் குடல் சுருக்கம், சிலருக்கு ஆபரேஷன் வரைக்கும் போகும்.

இப்போ வரலாற்றுக்கு வருவோம். ஆரம்பமே ஒரு கொலை வழக்கு!

1859. இங்கிலாந்து. லண்டனுக்குப் பக்கத்தில் ரிச்மண்ட். இசபெல்லா பேங்க்ஸ் என்ற 42 வயதுப் பெண்மணி. கையில் கொஞ்சம் சொத்து. அவரோடு வாழ்ந்தவர் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட், அவரும் ஒரு டாக்டர். ஏற்கனவே கல்யாணம் ஆனவர், அதை மறைக்காமல் மறைத்து இவரையும் சர்ச்சில் வைத்துத் திருமணம் செய்துகொண்டவர். (ஆள் எப்படின்னு புரிஞ்சிருக்கும்.)

சில மாதங்களில் இசபெல்லாவுக்கு வாந்தி, விடாத வயிற்றுப்போக்கு. மே மாதம் இறந்துவிட்டார். பார்க்க வந்த டாக்டர்களுக்குச் சந்தேகம். இந்த ஆள் சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்திருக்கிறார் என்று.

அன்றைக்கு நஞ்சு ஆய்வில் பெரிய பெயர் ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர். அவர் சோதித்துவிட்டு ஆர்சனிக் இருக்கிறது என்றார். பிறகுதான் தெரிந்தது, அந்த ஆர்சனிக் அவர் சோதனைக்குப் பயன்படுத்திய செம்புக் கம்பி வலையிலேயே கலந்திருந்த அசுத்தம்! தன் தவறை அவரே ஒப்புக்கொண்டார். அப்படியும் ஜூரி ஸ்மெதர்ஸ்ட்டைக் குற்றவாளி என்றது. தூக்குத் தண்டனை. ஊரே கொந்தளித்து, மருத்துவர்கள் மனு போட்டு, கடைசியில் மன்னிப்பு கிடைத்தது. வெளியே வந்தவரை இருதார மணத்துக்காகப் பிடித்து ஒரு வருடம் உள்ளே போட்டார்கள். அது அவருக்குத் தேவைதான்.

இதில் நமக்கு வேண்டிய ஆள் சாமுவேல் வில்க்ஸ். லண்டன் கைஸ் மருத்துவமனை டாக்டர். அவர் இசபெல்லாவின் குடலைப் பரிசோதித்து அதில் கண்ட அழற்சியையும் புண்களையும் அதே வருடம் ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் வரலாற்றைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குவார்கள். அவர் வர்ணித்ததைப் பிற்காலத்தில் படித்தவர்கள், இது க்ரோன்ஸ் மாதிரியல்லவா இருக்கு என்றார்கள்.

கவனிங்க. இந்த நோய் மருத்துவ ஏடுகளில் நுழைந்த முதல் நாளே "சாப்பாட்டில் என்ன கலந்தாய்?" என்ற கேள்வியோடுதான் நுழைந்தது. 165 வருடம் கழித்து நம்ம ஓபியிலும் முதல் கேள்வி அதேதான். "என்னத்த சார் சாப்பிட்டான், இப்படி வந்துருச்சு?" கேட்பது பெரும்பாலும் அம்மாக்கள். சமைத்தது அவர்கள்தானே, அதனால் அந்தக் கேள்விக்குள் ஒரு பயம் இருக்கும். நான் பொங்கிப் போட்ட சோறுதானா என்று.

அதற்கு நேரடியான பதில்: இல்லம்மா. நீங்க செஞ்சது எதுவும் இல்ல.

அடுத்து 1913. கிளாஸ்கோ. கென்னடி டால்ஸியல் என்ற சர்ஜன். குடல் சுவர் தடித்துப் போன சில நோயாளிகளை விவரித்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதுகிறார். பார்க்கக் குடல் காசநோய் மாதிரியே இருக்கு, ஆனா காசநோய்க் கிருமி கிடைக்கல. மாடுகளுக்கு வரும் ஜோன்ஸ் நோய் மாதிரி இருக்கே என்றார்.

இந்த இடத்தை நம்ம நாட்டு டாக்டர் யாராலும் சும்மா தாண்டிப் போக முடியாது. குடல் காசநோயும் க்ரோன்ஸும் இன்றைக்கும் எங்களைக் குழப்புபவை. அதே புண், அதே எடை இழப்பு, அதே காய்ச்சல். காசநோயை க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் உடம்பெல்லாம் பரவும். ஆகவே கொலனோஸ்கோபி, பயாப்சி இல்லாமல் யாராவது உங்களுக்கு ஐபிடி டயட் எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நேராக மெடிக்கல் காலேஜுக்குப் போங்க.

1932ல் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையிலிருந்து க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளை வைத்துக் கட்டுரை எழுதினார்கள். ஆங்கில அகரவரிசையில் பெயர் போட்டதால் க்ரோன் முதலில் வந்தார், நோய்க்கும் அவர் பெயரே நின்றுவிட்டது. கின்ஸ்பர்க்குக்குக் கடைசி வரை வருத்தம் இருந்திருக்கும்னு நினைக்கிறேன். இருக்கத்தானே செய்யும்!

சரி, அந்தக் காலத்தில் வைத்தியம் என்ன? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. படுத்து ஓய்வெடு. குடலுக்கும் ஓய்வு கொடு. அதாவது சக்கை இல்லாத, நார் இல்லாத, காரம் இல்லாத, பத்தியச் சாப்பாடு. புண்பட்ட குடலை எதுவும் உரசக் கூடாது என்ற எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. காலில் புண் இருந்தால் செருப்பு உரசக் கூடாது இல்லையா, அது மாதிரி. என் கையெழுத்துப் பட்டியலின் பாட்டி இதுதான்.

இன்னொரு பக்கம், இது மனசு சம்பந்தப்பட்ட நோய் என்று ஒரு கூட்டம் 1930களிலேயே கிளம்பியது. அம்மாவைச் சார்ந்து வாழும் ஆட்களுக்கு வருவது, மனத்தாங்கலால் வருவது என்றெல்லாம் எழுதினார்கள். அதைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. அம்மாக்களை விட்டு வைத்த துறையே கிடையாது போல.

மருந்து வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிடுறேன். ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய சல்ஃபாசலசின் குடல் புண்ணையும் ஆற்றுவதை 1940களின் தொடக்கத்தில் எழுதினார். 1955ல் ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 210 கோலைட்டிஸ் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, போலி மருந்தில் 16 சதவீதம். இறப்பும் குறைந்தது. ஸ்டீராய்டு யுகம் தொடங்கியது.

மருந்து வேலை செய்ததும் சாப்பாடு டாக்டர்களின் கவனத்திலிருந்து நழுவிவிட்டது. ட்ரூலவ் மட்டும் விடவில்லை. பாலை நிறுத்தினால் சில கோலைட்டிஸ் நோயாளிகளுக்கு நோய் அடங்குகிறது, திரும்பக் கொடுத்தால் கிளம்புகிறது என்று 1961ல் எழுதினார். சிலருக்கு மட்டும், எல்லோருக்கும் இல்லை. ஆனால் அந்த "சிலருக்கு" என்ற வார்த்தை வழியில் எங்கோ தொலைந்து, "பால் கூடாது" மட்டும் ஊர் ஊராகப் பயணம் செய்து என் நோட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

டாக்டர்கள் விட்ட இடத்தை யார் பிடித்தார்கள்? ஒரு அம்மா.

இதற்கு 1924க்குப் போகணும். நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர். சீலியாக் என்ற நோயால் மெலிந்து செத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு ரொட்டி, உருளை, தானியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாழைப்பழம் கொடுத்தார். பிழைத்துக்கொண்டார்கள்! வாழைப்பழ டாக்டர் என்று பெயரே வந்தது. அவர் நினைத்தது வாழைப்பழத்தின் மகிமை என்று. உண்மையான காரணம், நிறுத்தியவற்றில் கோதுமையும் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஹாலந்தில் ரொட்டியே கிடைக்காத பஞ்சம் வந்தபோது, அதுவரை அவர் மனதில் இருந்த சந்தேகம் பலப்பட்டது. பிறகு கோதுமைதான் என்று நிரூபித்தார்.

சிகிச்சை சரி, காரணம் தப்பு. இதன் விலை என்ன தெரியுமா? நோய் குணமாயிடுச்சு, இனி எதுவும் சாப்பிடலாம் என்று ஹாஸ் அனுப்பிய குழந்தைகள் மறுபடி கோதுமைக்குத் திரும்பினார்கள். சீலியாக் குணமாகிற நோய் இல்லை, வாழ்நாள் முழுக்கக் கோதுமையைத் தொடக்கூடாது. உணவு விஷயத்தில் "பலன் கிடைச்சுதுல்ல, அப்புறம் என்ன" என்று விட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வயதான காலத்தில் ஹாஸிடம் ஒரு தாய் தன் மகளைக் கூட்டி வருகிறார். எலைன் காட்ஷால். மகளுக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், மருந்து கேட்கவில்லை. ஹாஸ் தன் பழைய சீலியாக் உணவு முறையையே கொடுத்தார். மகள் தேறினாள். அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. நடுவயதில் கல்லூரிக்குப் போய் உயிர்வேதியியல் படித்து, அந்த உணவு முறையைப் புத்தகமாக எழுதினார். தானியம் கிடையாது, சர்க்கரை கிடையாது, பெரும்பாலான பால் பொருட்கள் கிடையாது. எஸ்சிடி டயட் என்று இன்றைக்கும் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள்.

ஒரு பிள்ளை தேறியது நிரூபணமா? இல்லை. ஆனால் "சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, எதை வேணும்னாலும் சாப்பிடுங்க" என்று டாக்டர்கள் கைகழுவிய காலத்தில், அந்த அம்மா கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. அந்த எஸ்சிடியின் கதை பின்னால் வரும்.

இப்போ கொஞ்சம் விண்வெளிக்குப் போவோம். நிஜமாத்தான்.

1960கள். நிலாவுக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடு நடக்கிறது. விண்கலத்தில் கழிப்பறை பெரிய பிரச்சனை. மலமே அதிகம் வராத சாப்பாடு இருந்தால் நல்லது! மில்டன் வினிட்ஸ் குழு அமினோ அமிலம், குளுக்கோஸ், வைட்டமின், உப்பு எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்து ஒரு திரவ உணவு தயாரித்தது. கலிஃபோர்னியாவில் வாகவில் சிறைக் கைதிகளில் தன்னார்வலர்களுக்கு 19 வாரம் அதை மட்டுமே கொடுத்துப் பார்த்து 1965ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். (கைதிகளை வைத்துப் பரிசோதனை செய்ததை இன்றைக்கு யாரும் ஏற்கமாட்டோம்.)

விண்வெளி வீரர்களுக்கு அது செட் ஆகல. ருசி அவ்வளவு மோசம். ஆனால் சர்ஜன்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் எலும்பும் தோலுமாக இருக்கும் க்ரோன்ஸ் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து உடம்பைத் தேற்றினால் என்ன? 1970களின் தொடக்கத்தில் கனடாவில் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு தேறியது மட்டுமில்லை, சிலருக்கு நோயே அடங்கி ஆபரேஷன் தேவைப்படவில்லை!

பிறகு இந்தத் திரவ உணவு முறையான சோதனைக்கு வந்தது. 1984. பிரிட்டனில் ஓ'மொரெய்ன், சீகல், லெவி மூவரும் தீவிர க்ரோன்ஸ் நோயாளிகள் 21 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் ஸ்டீராய்டு. மறு பக்கம் நான்கு வாரம் இந்தத் திரவ உணவு மட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேறினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் ஸ்டீராய்டுக்குச் சமமாக ஒரு சாப்பாடு நின்றது அதுதான் முதல் தடவை.

பெரியவர்களிடம் இது பெரிதாக ஓடவில்லை. வாரக்கணக்கில் வாய்க்கு ருசியாக ஒன்றும் இல்லாமல், பலருக்கு மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு இறக்கணும். பாதியில் விட்டுவிடுவார்கள். பாதியில் விட்டவர்களையும் கணக்கில் சேர்த்தால் ஸ்டீராய்டுதான் முன்னால் நின்றது.

குழந்தைகளிடம் கதையே வேற. க்ரோன்ஸ் வந்த குழந்தை வளராது. ஸ்டீராய்டும் வளர்ச்சியைத் தடுக்கும். திரவ உணவில் இருந்த பிள்ளைகள் ஸ்டீராய்டு எடுத்த பிள்ளைகளைவிட நன்றாக உயரம் வளர்ந்ததை 1987ல் லண்டன் மருத்துவர்கள் காட்டினார்கள். 2006ல் இத்தாலியில் 37 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு. பத்து வாரம் கழித்துக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தால், திரவ உணவு எடுத்தவர்களில் 74 சதவீதம் பேருக்குப் புண் ஆறியிருந்தது. ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 33 சதவீதம். வயிற்று வலி குறைவது வேறு, புண் ஆறுவது வேறு. அதனால்தான் இந்த எண் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2014ல் ஐரோப்பிய வழிகாட்டுதலே வந்துவிட்டது. குழந்தைகளுக்கு வரும் க்ரோன்ஸ் நோயை அடக்க முதல் சிகிச்சை 6 முதல் 8 வாரம் திரவ உணவு மட்டும் என்று. கொலை வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்ற சாப்பாடு, மருந்துச் சீட்டில் முதல் வரியாக எழுதப்பட்டது. ஒன்று மட்டும் ஞாபகம் வைங்க, இது க்ரோன்ஸுக்கு. அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு இந்தத் திரவ உணவு இப்படி வேலை செய்வதாக நிரூபணம் இல்லை.

ஏன் வேலை செய்கிறது? இங்கதான் எனக்குச் சுவாரசியமே கூடிச்சு.

முதலில் நினைத்தது, புரதத்தை அமினோ அமிலமாக உடைத்துக் கொடுப்பதால் என்று. ஆனால் உடைக்காத முழுப் புரதம் இருக்கும் சாதாரண பால்மாவு மாதிரியான திரவமும் அதே பலன் கொடுத்தது. அப்போ கொடுப்பதில் விசேஷம் இல்லை. பின்னே?

2006ல் பர்மிங்ஹாமில் 50 குழந்தைகள். ஒரு பாதிக்குத் திரவ உணவு மட்டும். மறு பாதிக்கு அதே திரவம் பாதி, மீதி வீட்டுச் சாப்பாடு. திரவம் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. கலந்து சாப்பிட்டவர்களில் 15 சதவீதம்தான். திரவம் இரண்டு பேருக்கும் போயிருக்கு. ஆகவே பலன் வருவது கொடுத்ததால் அல்ல, அன்றாடச் சாப்பாட்டில் ஏதோ ஒன்றை நிறுத்தியதால். வாழைப்பழ டாக்டர் கதை ஞாபகம் வருதா?

எதை நிறுத்தியதால்? இஸ்ரேலில் ஆரி லெவின் குழு இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. கோதுமை, பால் பொருட்கள், பாக்கெட் பண்டங்கள், அவற்றில் சேர்க்கும் குழைமப் பொருட்கள், கொழுப்பு நிறைந்த மாமிசம் இவற்றை நிறுத்தி; கோழி, முட்டை, அரிசி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஆப்பிள் போன்றவற்றைக் கொடுத்து, கூடவே பாதித் திரவ உணவும் கொடுத்தார்கள். 2019ல் 74 குழந்தைகளை வைத்து வந்த ஆய்வில் 12ஆவது வாரம் ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கி இருந்தவர்கள் இந்த உணவு முறையில் 75.6 சதவீதம். ஆறு வாரம் திரவம் மட்டும் குடித்துவிட்டு வழக்கச் சாப்பாட்டுக்குத் திரும்பியவர்களில் 45.1 சதவீதம். பிள்ளைகளால் தாக்குப்பிடிக்கவும் முடிந்தது.

அந்தக் கொடுக்கலாம் வரிசையை இன்னொரு தடவை படிங்க. கோழி, முட்டை, பழம். நான் அந்தத் தம்பிக்கு வேண்டாம் என்று எழுதியதில் பாதி இங்கே கொடுக்கலாம் பக்கத்தில் இருக்கிறது.

பாக்கெட் பண்டத்து மேல சந்தேகம் சும்மா வரல. 2015ல் அமெரிக்காவில் எலிகளுக்குக் குழைமப் பொருட்கள் இரண்டைத் தண்ணீரில் கலந்து கொடுத்தபோது குடலின் சளிப் படலம் அரித்து, கிருமிகள் சுவரை நெருங்கி, அழற்சி வந்தது. எலி எலிதான், மனுஷன் இல்ல. ஆனால் 2021ல் இந்தியா உட்பட 21 நாடுகளில் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளிவந்தது. அதிகம் பதப்படுத்திய பண்டங்களை நாளுக்கு ஐந்து பங்குக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு, ஒரு பங்கு கூடச் சாப்பிடாதவர்களைவிட ஐபிடி வரும் அபாயம் 1.8 மடங்கு. வெறும் கறி, பால், மாவுச்சத்து இவற்றோடு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

இப்போ பாட்டிகிட்ட திரும்ப வருவோம். அதாங்க, நாரும் சக்கையும் கூடாது என்ற பழைய பத்தியம். அதையும் சோதித்திருக்கிறார்கள், நான் பிறப்பதற்கு முன்னாலேயே! 1985. இத்தாலி. க்ரோன்ஸ் நோயாளிகள் 70 பேர். பாதிப் பேருக்குச் சக்கை இல்லாத பத்தியம், மீதிப் பேருக்கு வழக்கமான இத்தாலிய வீட்டுச் சாப்பாடு, பருப்பு, காய்கறி, பழம் எல்லாம் உட்பட. 29 மாதம் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்வதிலோ, ஆபரேஷனிலோ, நோய் முற்றுவதிலோ வித்தியாசமே இல்லை. பத்தியம் இருந்தவர்கள் சும்மாதான் பத்தியம் இருந்திருக்கிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. குடல் சுருங்கி இருந்தால் நார் அதிகமுள்ள பண்டம் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு நார் குறைக்கத்தான் வேண்டும். அது ஸ்கேன் பார்த்துத் தெரிய வேண்டிய விஷயம், மனசுக்குத் தோன்றுவது இல்லை.

எஸ்சிடி? 2021ல் அமெரிக்காவில் க்ரோன்ஸ் உள்ள பெரியவர்கள் 194 பேரை வைத்து, காட்ஷால் அம்மாவின் எஸ்சிடியையும் மத்தியதரைக்கடல் உணவு முறையையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். ஆறு வாரத்தில் அறிகுறிகள் அடங்கியவர்கள் எஸ்சிடியில் 46.5 சதவீதம், மத்தியதரையில் 43.5. அதாவது இரண்டும் ஒன்றே. அப்புறம் எதுக்குத் தானியத்தையெல்லாம் விட்டுக் கஷ்டப்படணும்? காய், பழம், பருப்பு, மீன், நல்ல எண்ணெய் என்று சாப்பிடலாமே. பாக்கெட்டும் சிவப்பு இறைச்சியும் குறைவாக இருக்கட்டும். 2024ல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவ சங்கமும், தடை ஏதும் இல்லாத எல்லா ஐபிடி நோயாளிகளுக்கும் இதையே பரிந்துரைத்தது. மத்தியதரைக்கடலுக்குப் போக வேண்டாம். சாம்பார், பொரியல், மத்தி மீன் குழம்பு, கொய்யா என்றால் நம்ம தட்டு அதிலிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை.

கோலைட்டிஸ்காரங்க கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கும் இருக்கு. டெல்லி எய்ம்ஸில் 66 பேரை வைத்து 2022ல் வந்த ஆய்வு. நல்ல குடல் உள்ளவர்களின் மலக் கிருமிகளைச் செலுத்தி, கூடவே அழற்சி குறைக்கும் உணவு முறையும் கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, வழக்கமான மருந்துச் சிகிச்சையில் 32.3 சதவீதம். இதில் உணவின் பங்கு எவ்வளவு, கிருமியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நம்ம நாட்டுச் சமையலறையை வைத்து நம்ம ஆட்கள் செய்தது என்பதால் எனக்குத் தனி சந்தோஷம்.

"மஞ்சள் சாப்பிட்டா சரியாகுமா டாக்டர்?" என்று கட்டாயம் கேட்பீங்க. 2015ல் வந்த ஒரு ஆய்வில் கோலைட்டிஸுக்கு மெசலமைன் மாத்திரையோடு தினமும் 3 கிராம் குர்குமின் கொடுத்து நல்ல பலன் வந்தது உண்மை. எய்ம்ஸில் 450 மில்லிகிராம் கொடுத்தபோது பலன் இல்லை. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம்தான். 3 கிராம் குர்குமின் வேணும்னா 100 கிராம் மஞ்சள் தூள் தினமும்! ரசத்தில் போடும் சிட்டிகை ரசத்துக்கு நல்லது. அவ்வளவுதான். மெசலமைனை நிறுத்திட்டு மஞ்சள் பால் குடிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

நான் மேலே சொன்ன ஆய்வுகளில் பாதிக்கு மேல் உணவு மருந்தோடு சேர்ந்து வேலை செய்தது, அல்லது டாக்டரும் உணவு நிபுணரும் வாராவாரம் எடை பார்த்த இடத்தில் வேலை செய்தது. வீட்டில் தானாக எதையெதையோ நிறுத்திக்கொண்டு மெலிந்து போவது அதில் எங்கேயும் இல்லை. மெலிந்த உடம்பில் ஆபரேஷன் என்றால் காயம் ஆறாது, தொற்று வரும், ரத்தம் குறைந்திருக்கும். அந்தத் தம்பிக்கு ஹீமோகுளோபின் 7.2.

அவரை அன்றைக்கே மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினேன். நோட்டில் அந்தப் பக்கத்தை அந்த அம்மா முன்னாலேயே அடித்துவிட்டு, "இது நான் தப்பா எழுதினதும்மா, மன்னிச்சிருங்க" என்றேன். அவர் பதறிப்போய், "ஐயோ சார், நீங்க போய்" என்றார். அதற்கு மேல் எனக்கும் பேச வரவில்லை.

அங்கே மறுபடி பயாப்சி, ஸ்கேன் எல்லாம் பார்த்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்து, மருந்தை மறுபடி ஆரம்பித்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். அங்குள்ள டயட்டீஷியன் முட்டையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

போன வியாழக்கிழமை வந்திருந்தார்கள். எடை 44. மருந்தாலயா, சாப்பாட்டாலயா என்றால், பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது. ரெண்டும்தான்.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "சார், கீரை குடுக்கலாமா? அவனுக்கு அரைக்கீரைன்னா உசுரு."

ஸ்கேன் ரிப்போர்ட்டை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தேன். சுருக்கம் எங்கும் இல்லை.

"நல்லா வேக வெச்சு, கடைஞ்சு குடுங்கம்மா. மொதல்ல ரெண்டு கரண்டி."

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிச்சு வந்து பதில் சொல்றேன். ரிப்போர்ட் போட்டோவைப் பொதுவில் போடாதீங்க.